கியர் செட்டுக்கு 46 ஆயிரம் வேண்டாம், டீச்சர்

கேள்வி: வணக்கம் அண்ணா. தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 39, உயரம் 157 செ.மீ. கொழுந்தன் கத்தாருக்குப் போகும்போது விட்டுப்போன ரோடு பைக்கைத்தான் ஓட்டுகிறேன். அலுமினியம், 54 சைஸ், ஷிமானோ கிளாரிஸ் 8 கியர், ரிம் பிரேக், 25 டயர். ஞாயிறு காலையில் தோழிகளோடு முட்டம், தேங்காய்ப்பட்டணம், சில வாரம் பேச்சிப்பாறை வரை போவோம். ஒரு மணி நேரம் தாண்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன, பிடரி வலிக்கிறது. சீட்டை முன்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளியாயிற்று. குலசேகரம் தாண்டி ஏற்றம் வந்தால் இறங்கி உருட்டுகிறேன். ஒரு கடையில் 105 என்கிற 11 கியர் செட்டும், உயரமான ரிம் வைத்த புது வீலும் போட்டால் வண்டி புதுசு மாதிரி ஆகிவிடும், 46 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். வீட்டுக்காரர் "ஓடுற வண்டியை எதுக்கு மாத்தணும்" என்கிறார். என்னிடம் 65 ஆயிரம் இருக்கிறது. அடுத்த வருடம் 200 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட ஆசை. இருப்பதையே நன்றாக்கவா, புதிதாக வாங்கவா?

பதில்: டீச்சர், முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 46 ஆயிரத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் கியரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. கை, பிடரி, சீட் என்று மூன்று வரி இருக்கிறது. அந்த மூன்று வரியும் வண்டியின் சட்டம் (ஃபிரேம்) உங்களுக்குப் பெரியது என்பதைத்தான் சொல்கின்றன. அடுத்தவர் செருப்புக்குப் புது வார் போட்டால் அது நம் கால் அளவுக்கு வந்துவிடாது.

54 சைஸ் என்பது பெரும்பாலான கம்பெனிகளில் 170, 175 செ.மீ. உயரமுள்ளவர்களுக்கானது. உங்கள் உயரத்துக்கு 47, 48, 49 என்று எண் போட்ட சட்டம்தான் பொருந்தும். சில கம்பெனிகள் அதையே எக்ஸ்எஸ் என்றோ எஸ் என்றோ எழுதும். "சீட்டை இறக்கினால் கால் எட்டுகிறதே, அப்புறம் என்ன பெரிய சைஸ்" என்று கடையில் கேட்பார்கள். கால் எட்டும், உண்மைதான். இப்போது வரும் சட்டங்களில் மேல்குழாய் பின்னோக்கிச் சரிவாக இருப்பதால் 54-லும் சீட்டை நன்றாக இறக்கலாம். சிக்கல் உயரத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. சீட்டுக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவே உள்ள தூரம் உங்கள் உடம்புக்கும் கைக்கும் அதிகம். 54-இல் மேல்குழாயைக் கிடைமட்டமாக அளந்தால் 54, 55 செ.மீ. வரும். 48-இல் அது 51 செ.மீ.யை ஒட்டி இருக்கும். அதோடு 54-இல் கம்பெனி போட்டு அனுப்பும் ஸ்டெம்மும் (ஹேண்டில் பாரை ஃபோர்க் குழாயோடு பிடிக்கும் துண்டு) நீளம், பாரும் அகலம். எல்லாம் சேர்ந்து உங்களை அஞ்சு செ.மீ. அதிகமாக முன்னால் இழுக்கிறது.

அதை ஈடுகட்டத்தான் சீட்டை முன்னால் தள்ளியிருக்கிறீர்கள். எல்லோரும் செய்வதுதான், ஆனால் அதில்தான் கை மரக்கிறது. சீட் முன்னால் போகப் போக இடுப்பு பெடலுக்கு நேர் மேலே வந்துவிடும், உடம்பின் எடை பின்பக்கம் தங்காமல் உள்ளங்கையில் இறங்கும். உள்ளங்கையின் வெளி ஓரமாக, சுண்டுவிரல் பக்கம், ஒரு நரம்பு போகிறது. மணிக்கணக்காக அதை பாரில் அழுத்தினால் மரப்பது அந்த இரண்டு விரலும்தான். வண்டியை விட்டு இறங்கிய பிறகும், மறுநாளும் மரப்பு போகவில்லை என்றால் சைக்கிள் கடைக்கு வருவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

டயர் காற்றும் இதில் ஒரு பங்கு வகிக்கும். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எண் உச்ச வரம்பு. அதைப் பார்த்து 110, 120 என்று ஏற்றிவிடுகிறார்கள். நீங்கள் 60 கிலோவுக்குள் என்றால் 25 டயருக்கு முன்னால் 70, பின்னால் 75 முதல் 80 பிஎஸ்ஐ தாராளம். தக்கலையிலிருந்து முட்டம் போகிற ஊர்ச்சாலைகளில் 110-இல் ஓட்டினால் ஒவ்வொரு குழியும் நேராகக் கைக்கு வரும். இதற்குக் காசு கிடையாது, நாளைக் காலையிலேயே செய்துவிடலாம்.

இனி கியர். அந்தக் கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, 105 நல்ல சாமான். ஆனால் நீங்கள் இறங்கி உருட்டுவதற்கு கியரின் எண்ணிக்கை காரணம் இல்லை. ஏற்றத்தில் வேலை செய்வது ஒரே ஒரு கியர்தான்: முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம். உங்கள் வண்டியில் முன்னால் 34 பல், பின்னால் 28 பல் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன், எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் இந்தச் சேர்க்கையில் மணிக்கு 9 கி.மீ. வேகம் வரும். அந்த ஏற்றத்தில் உங்கள் கால் பலம் 8-க்குத்தான் வரும் என்றால் மிதி மெதுவாகிக் கொண்டே போய் வண்டி நின்றுவிடும். பின்னால் 32 பல் போட்டால் அதே 60 சுற்றுக்கு வேகம் 8, 34 பல் போட்டால் ஏழரை. இந்த 32 பல் 8 கியர் கேசட்டிலேயே (பின் பல்சக்கர அடுக்கு) கிடைக்கிறது. 11 கியர் கேசட்டில் வரும் 32-ம் இதே 32 தான். கூடுதலாக வரும் மூன்று சக்கரமும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்புகின்றன, அவ்வளவுதான். சமதளத்தில் கூட்டமாக வேகம் பிடித்துப் போகிறவர்களுக்கு அது சுகம். நாஞ்சில் நாட்டு வயல் ரோட்டில் ஓட்டுகிறவர் கேட்டால் வேறு பேச்சு. தக்கலையிலிருந்து வடக்கே ஏறி இறங்குகிற உங்களுக்குத் தேவை ஒரு இளகின கியர்.

பிறகு ஏன் 46 ஆயிரம்? 8 கியருக்கும் 9, 10 கியருக்கும் பின் வீலில் கேசட் உட்காரும் உடல் ஒரே நீளம். 11 கியர் ரோடு கேசட்டுக்கு அது 2 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக நீளம் கூட வேண்டும். பழைய வீலில் அது ஏறாது. ஆகவே கியர் மாற்றும் ஷிஃப்டர், செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் முன், பின் டிரெய்லியர், கேசட், செயின் எல்லாம் போக வீலையும் மாற்ற வேண்டியிருக்கிறது. கணக்கு அங்கேதான் ஏறுகிறது. இத்தனையும் போட்ட பிறகும் மிச்சம் இருப்பது அதே ரிம் பிரேக் சட்டம். டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால் அந்தச் சட்டத்தில் டிஸ்க் தகட்டைப் பிடிக்கும் காலிப்பர் மாட்ட இடமே கிடையாது.

உயரமான ரிம் வேண்டவே வேண்டாம். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஒருமுறை ஓட்டினால் நான் சொல்வது புரியும். பக்கவாட்டுக் காற்று அந்த ரிம்மைப் பிடித்து முன்வீலைத் தள்ளும். எடை குறைந்தவர்களை இன்னும் அதிகம் தள்ளும். பக்கத்தில் டிப்பர் லாரி போகிற ரோட்டில் அது விளையாட்டு இல்லை.

என் கணிப்பை அப்படியே நம்பி 65 ஆயிரத்தை எடுக்க வேண்டாம். சின்னதாக ஒரு சோதனை செய்துவிடுங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் 70 அல்லது 80 மி.மீ. ஸ்டெம் ஒன்று இரவல் கேளுங்கள், விலைக்கு வாங்கினாலும் ஆயிரம், ஆயிரத்து ஐநூறுதான். பார் பிடிக்கும் பக்கம் 31.8 மி.மீ., ஃபோர்க் குழாய் பிடிக்கும் பக்கம் 28.6 மி.மீ. என்பதுதான் இன்று பொதுவான அளவு, இருந்தாலும் பழையதைக் கழற்றி ஓரத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது முதலில் மேல்மூடி போல்ட்டை முன்பிரேக் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லாத அளவுக்கு மட்டும் திருக வேண்டும். அதன் பிறகுதான் பக்கவாட்டு போல்ட்டுகள். அவற்றை ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இறுக்க அளவு ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். ஃபோர்க் குழாய் கார்பன் என்றால் இதில் கைக்கணக்கு உதவாது.

ஸ்டெம்மை மாற்றியதோடு சீட்டையும் அதன் அடியில் உள்ள கம்பிகளின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சீட் உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தடிமனான புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே நன்றாக மேலே அழுத்தி, புத்தக விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 72 செ.மீ. வந்தால் 63.6. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட் மேற்பரப்பு வரை அந்த அளவு இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். இப்படி வைத்து இரண்டு ஞாயிறு முட்டம் போய் வாருங்கள்.

மரப்பும் வலியும் முழுக்கப் போய்விட்டால் நல்லது, வீட்டுக்காரர் ஜெயித்தார். எனக்கு அந்த நம்பிக்கை குறைவு. சீட்டைப் பின்னால் கொண்டுவந்தால் ஸ்டெம்மில் மிச்சம் பிடித்ததில் பாதி அங்கேயே போய்விடும். 70-க்கும் கீழே போனால் ஸ்டியரிங் துறுதுறுவென்று ஆடும். அடுத்து 42 செ.மீ. பாரை 38 ஆக்கலாம் என்று தோன்றும், அதற்கு அடுத்து 172.5 மி.மீ. கிராங்கை 165 ஆக்கலாம் என்று தோன்றும். ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான செலவுதான். ஆனால் மூன்றையும் கூட்டினால் ஒரு பெரிய தொகை பெரிய சட்டத்தின் மேல் போயிருக்கும், விற்கும்போது அதில் பத்து பைசா திரும்பாது.

இதே வண்டி 172 செ.மீ. உயரமுள்ள ஒருவரிடம் இருந்து இதே கேள்வி வந்திருந்தால் என் பதில் நேர் எதிராக இருந்திருக்கும். சட்டம் அளவுக்குச் சரியாக இருந்து, விரிசலும் இல்லை என்றால் 8 கியர் வண்டியில் குறை ஒன்றும் இல்லை. 32 பல் கேசட், செயின், கேபிள், பிரேக் கட்டை மாற்றி, பிரேக்கிலும் ஃபோர்க்கிலும் இடம் இருந்தால் 28 டயர் போட்டு, ஒரு முழு ஓவராயில் செய்தால் பத்தாயிரத்துக்குள் முடியும். அவரை புது வண்டி வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

எப்படியும் புது வண்டி கைக்கு வரும்வரை பழையதைத்தான் ஓட்டப்போகிறீர்கள். அதனால் சிலதை இப்போதே பார்த்துவிடுங்கள்.

முதலில் ரிம். ரிம் பிரேக் வண்டியில் பிரேக் கட்டை தேய்வது எல்லோருக்கும் தெரியும், ரிம்மும் சேர்ந்து தேய்வதை யாரும் பார்ப்பதில்லை. நம் மாவட்டத்தில் இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) பெய்யும், ஐப்பசி கார்த்திகையிலும் பெய்யும். மழையில் செம்மண் சேறும் கடற்கரை மணலும் ரிம்மில் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு பிரேக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். வீலைத் துடைத்துவிட்டு ஒரு இரும்பு ஸ்கேலின் விளிம்பைப் பிரேக் படும் இடத்தில் குறுக்காக வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஸ்கேல் முழுதும் ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் குழி விழுந்து வெளிச்சம் தெரிந்தால் சுவர் மெலிந்துவிட்டது. பல ரிம்களில் அந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளிக்குழியோ, சுற்றிவர ஒரு கோடோ வைத்திருப்பார்கள். அது மறைந்துவிட்டால் ரிம் ஆயுள் முடிந்தது. மெலிந்த சுவரை உள்ளே இருக்கும் காற்றழுத்தம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் நேரத்தில் ரிம் பிளந்தால் வீல் அங்கேயே பூட்டிக்கொள்ளும். அப்படித் தெரிந்தால் ஸ்டெம் சோதனைகூட வேண்டாம், வண்டியை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட். கிளாம்ப்பைத் தளர்த்தி போஸ்ட்டை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். நீங்கள் சீட்டை ஒருமுறை இறக்கியிருப்பீர்கள், பிறகு அசைத்திருக்க மாட்டீர்கள். கடற்காற்று உப்பும் வேர்வையும் உள்ளே இறங்கி அலுமினியம் பூத்துப்போனால் போஸ்ட் சட்டத்தோடு ஒட்டிப்பிடித்துக்கொள்ளும். திரும்பினால் வெளியே எடுத்துத் துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் பூசி வையுங்கள், போஸ்ட் கார்பன் என்றால் கிரீசுக்குப் பதில் அதற்கென்று விற்கும் பசை. திரும்பவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம், நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். ஒட்டிய போஸ்ட்டோடு வண்டியை விற்க முடியாது.

செயினை அளக்க ஒரு அடியைவிட நீளமான ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் வைத்து, அதற்கு அடுத்த பின்னிலிருந்து எண்ணினால் 24-வது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் கேசட்டும் போயிருக்கும். சட்டத்தில் ஸ்டியரிங் குழாயோடு கீழ்க்குழாய் சேரும் வெல்டின் பின்பக்கம், கிராங்க் பெட்டியைச் சுற்றி, பின்வீல் அச்சு மாட்டும் இடம் ஆகிய மூன்றையும் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டில் முடி மாதிரிக் கோடு தெரிந்து, நகத்தால் வருடினால் தட்டுப்பட்டால் அது வெறும் கீறலா விரிசலா என்று தெரிந்தவரிடம் காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

இனி புதுசு. 65 ஆயிரத்தில் அலுமினியச் சட்டம், கார்பன் ஃபோர்க், டிஸ்க் பிரேக், 8 அல்லது 9 கியர் வரும். அது போதும். 8 கியர் கிளாரிஸ் என்றாலும் 9 கியர் சோரா என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் பார்ப்பது வேறு. முதலில் சைஸ். நம்மூர்க் கடைகளில் 52, 54 தான் நிறைய நிற்கும். "இந்த சைஸ்தான் ஸ்டாக் இருக்கு, ஸ்டெம்மைக் குட்டையா போட்டுத் தாரேன்" என்பார்கள். அதைத்தான் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் சைஸ் ஆர்டர் போட்டு வர நாளானால் ஆகட்டும். திருவனந்தபுரம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாலும் ஒரு சனிக்கிழமைதான் செலவு.

சின்ன சட்டத்தில் ஒரு தொந்தரவு உண்டு. 700 வீல் அதே அளவில் இருக்க சட்டம் மட்டும் குட்டையாவதால், பெடல் முன்னால் இருக்கும்போது ஹேண்டிலைத் திருப்பினால் ஷூ நுனி முன்வீலில் இடிக்கலாம். கடை முற்றத்தில் மெதுவாக எட்டுப் போட்டுப் பாருங்கள். லேசாக உரசினால் பழகிவிடும், நன்றாக மாட்டினால் வேறு மாடல். பிரேக் லீவருக்கு விரல் எட்டுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். பல லீவர்களில் அதைப் பாருக்கு அருகே கொண்டுவர ஒரு சின்னத் திருகு உண்டு, விற்பவர்களில் பாதிப்பேர் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

கியரில் கேட்க வேண்டியது ஒன்றே: முன்னால் 34, பின்னால் 32 அல்லது 34 இருக்கிறதா? டயர் 28 போட்டு வர வேண்டும், 32 வரை போட இடம் இருந்தால் இன்னும் நல்லது. கிராங்க் பெட்டி மரை போட்டதா, அழுத்தி ஏற்றியதா என்றும் கேளுங்கள். மரை போட்டது என்றால் தண்ணீர் இறங்கி பேரிங் போனாலும் நாகர்கோவிலிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

டிஸ்க் இந்த விலையில் பெரும்பாலும் கேபிள் டிஸ்க்தான் வரும். ஆயில் டிஸ்க் அளவுக்கு மெதுமெதுப்பு இருக்காது, ஆனால் மழையில் ரிம் பிரேக்கைவிடப் பல மடங்கு நம்பலாம், கேபிளை நாமே மாற்றிவிடலாம். கடற்கரை ரோட்டில் போய் வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். டிஸ்க் தகட்டில் மட்டும் எண்ணெய்க் கை படக்கூடாது.

பி.ஆர்.எம். பற்றி ஒரு வார்த்தை. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. கூடத் தேவையில்லை. வேகமான வண்டி இல்லாததால் யாரும் அதில் தோற்பதில்லை. பத்தாவது மணி நேரத்தில் கையும் கழுத்தும் இருக்கையும் ஒத்துழைக்க மறுத்துத்தான் பாதியில் பஸ் ஏறுகிறார்கள். அந்த ஆசைக்காகவும்தான் சைஸ் சைஸ் என்று இவ்வளவு சொல்கிறேன்.

பழைய வண்டியை விற்பதற்கு முன் கத்தாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அவர் லீவில் வரும்போது தேடினால் வீட்டில் தேவையில்லாத பேச்சு. விற்கலாம் என்றால் நன்றாகத் துடைத்து, கழற்றிய பழைய ஸ்டெம்மையே திரும்ப மாட்டி, உயரமானவர் யாருக்காவது கொடுங்கள். பெடல், பாட்டில் கூடு, லைட், உங்களுக்குப் பழகிய சீட் எல்லாம் புது வண்டிக்கு அப்படியே வரும், அவற்றுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். பெடலைக் கழற்றும்போது இடது பக்கத்தது தலைகீழ் மரை என்பதை நினைவில் வையுங்கள், அதை வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும்.